வீட்டு வளாகத்தில் ரயில் இன்ஜின்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு ரயில் மீதுள்ள பித்துக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை ஆகிய மூன்று பெரிய சந்திப்புகளும் இந்த ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. லோகோ ஷெட்டில் வேலை பார்த்த தாத்தாவின் விசிலையோ கைவிளக்கையோ இன்றும் பீரோவில் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. ஆகவே, ஓய்வுபெற்ற கையோடு, உண்மையான இன்ஜின் ஒன்றையே வாங்கி வீட்டு வளாகத்தில் நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் இங்கே சிலருக்கு வருவது வியப்புக்குரியதன்று. வீட்டில் ஒப்பவில்லை, எப்படி ஒப்ப வைப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு தேர்வுகள் அடங்கியுள்ளன. எந்தப் பொருளைக் கேட்பது என்பது முதலாவது. எந்த முறையில் கேட்பது என்பது இரண்டாவது. பெரும்பாலோர் முதலாவதை முடிவு செய்துவிட்டு இரண்டாவதற்கு மட்டும் யோசனை கேட்கிறார்கள். முதலாவதைச் சரியாகச் செய்தால் இரண்டாவதற்குப் பேச்சுத்திறன் அதிகம் தேவைப்படாது என்பது என் கருத்து. கேட்பவர் பெரும்பாலும் கணவராகவும் மறுப்பவர் மனைவியாகவும் இருப்பதால் அவ்வாறே எழுதுகிறேன். மாறி இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலில் இடம். நீள அகலம் மட்டுமல்லாமல், தெருவிலிருந்து அந்த இடத்துக்குப் பொருள் வந்து சேரும் வழியும், அடியில் உள்ள மண்ணும், சம்ப், செப்டிக் டேங்க் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதும் இதில் சேரும். அடுத்து மொத்தச் செலவு: வாங்கும் விலையோடு வரி, போக்குவரத்து, அடித்தளம், ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்பு. மூன்றாவது சட்டமும் அனுமதியும். நான்காவது, ஆசை இல்லாதவரின் அன்றாட வாழ்வில் அந்தப் பொருள் எதை எடுத்துக்கொள்கிறது என்பது: துணி உலர்த்தும் இடம், வண்டி நிறுத்தும் இடம், கோலம் போடும் வாசல், மதியத் தூக்கம், அக்கம்பக்கத்தாரோடுள்ள உறவு. ஐந்தாவது, ஒருநாள் வேண்டாம் என்றால் அதை அப்புறப்படுத்த முடியுமா, அதற்கு என்ன ஆகும் என்பது.

இந்த ஐந்தில் கடைசியைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். திரும்பப் பெற முடியாத ஒன்றுக்குச் சம்மதம் தருவது யாருக்கும் கடினம். மனைவியின் மறுப்பைக் கூர்ந்து கேட்டால், அவர் மறுப்பது இன்ஜினை அல்ல, அது என்றைக்கும் அங்கேயே நிற்கப் போவதை என்பது பல வீடுகளில் தெரியவரும்.

## முழு அளவு இன்ஜின்

ஆசையின் உச்சம் பொதுவாக டபிள்யூ.பி. வகை: 1947 முதல் நம் அகலப்பாதைகளில் விரைவு ரயில்களை இழுத்த, கூம்பு மூக்கில் நட்சத்திரம் பதித்த நீராவி இன்ஜின். கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டர் என்ற வண்டியோடு சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். எடை ஏறத்தாழ 170 டன். ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி, வழக்கமாக 40க்கு 60. டபிள்யூ.பி.யின் நீளம் 78 அடி. வீட்டையே இடித்தாலும் அது மனைக்குள் அடங்காது. முன்பகுதி தெருவிலோ பின்பகுதி பக்கத்து வீட்டுக் கிணற்றடியிலோதான் நிற்கும்.

விழுப்புரம் – காட்பாடிப் பாதை மீட்டர்கேஜாக இருந்த நாட்களை நினைத்து ஏங்குவோர் ஒய்.பி. வகையைக் கேட்பார்கள். அது டெண்டரோடு ஏறத்தாழ 19 மீட்டர், அதாவது 62 அடிக்குச் சற்று அதிகம். ஒரு கிரவுண்டு மனைக்கு அதுவும் இரண்டு அடி மிஞ்சுகிறது. டெண்டரைக் கழற்றி அருகில் தனியாக நிறுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தலை வேறு உடல் வேறாகக் கிடக்கும் அந்தக் காட்சிக்காகவா இவ்வளவு பாடு என்று மனைவி கேட்டால் பதில் இராது.

எனவே முழு அளவு என்று பிடிவாதமாக இருப்பவர், டெண்டர் இல்லாமல் தன் மீதே தண்ணீரையும் கரியையும் சுமக்கும் சிறிய டேங்க் இன்ஜின்களையே பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேச, பீகார் சர்க்கரை ஆலைகளில் ஓடிய குறும்பாதை இன்ஜின்களும், தொழிற்சாலைகளுக்குள் பெட்டிகளைத் தள்ளிய ஷண்டிங் இன்ஜின்களும் அந்த வகை. இதற்கு நல்ல முன்னுதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. புகழ்பெற்ற ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ இன்ஜினுக்கு 1973 முதல் உரிமையாளராக இருந்த சர் வில்லியம் மெக்கால்பைன், தம் ஃபாலி ஹில் இல்லத்துத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டியது, ‘ஹட்ஸ்வெல் கிளார்க்’ நிறுவனம் கட்டிய சிறிய ஷண்டிங் இன்ஜின் ஒன்றைத்தான். காட்டுயிர் ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் 1967இல் இரண்டு பெரிய இன்ஜின்களை வாங்கினார். அவற்றுக்கு இருப்பிடம் வீட்டுத் தோட்டம் அன்று, ரயில் பாதைகள். பணமும் நிலமும் உள்ளவர்களே இப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

விலைக்கு வருவோம். நம் ரயில்வே கழித்துக்கட்டிய பொருள்களை இணையவழி ஏலத்தில் பழைய இரும்பாக விற்கிறது. இன்ஜின்கள் பெரும்பாலும் வெட்டப்படுவதற்காகவே விற்கப்படுவதால், முழுதாக ஒன்றைத் தனிநபர் பெறுவது எளிதன்று. மூடிய ஆலைகளிடம் விசாரிப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. கிலோவுக்கு 35 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், 30 டன் இன்ஜினுக்கு 10.5 லட்சம், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 12.39 லட்சம். ஒய்.பி. போல 100 டன்னை நெருங்குவதாயின் 41 லட்சத்தை நெருங்கும். விற்பவர் தொல்பொருள் மதிப்பு என்று தனியாக ஒன்று கேட்டால் அது இதற்கு மேல்.

மறைந்திருக்கும் செலவுகள் இனிமேல்தான் தொடங்குகின்றன. சாலை வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட அகலத்தையும் உயரத்தையும் இன்ஜின் மீறும். ஆகவே பல அச்சு ஹைட்ராலிக் டிரெய்லர், அதை இழுக்கும் புல்லர், மாநிலந்தோறும் தனி அனுமதி, வழியில் குறுக்கிடும் மின்கம்பிகளுக்காக மின்வாரியத்தோடு பேச்சு ஆகியவை வேண்டும். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை வரை வந்துவிடலாம். அங்கிருந்து வேலூரின் சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ உள்ள குறுக்குத் தெருவுக்குள் அந்த டிரெய்லர் திரும்புமா என்பதை டேப் பிடித்து அளந்த பிறகே ஏலத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இறக்குவதற்கு இரண்டு கிரேன்கள் தேவைப்படும். கிரேனின் ஊன்றுகால் சம்ப் மீது இறங்கினால் சம்ப் இருக்காது. பாலாற்றங்கரை மணற்பாங்கில் வீடு கட்டியவர்களும், பாறை மேல் கட்டியவர்களும் அடித்தளத்துக்கு ஒரே தொகையைச் செலவழிக்கப் போவதில்லை.

பாய்லரைச் சுற்றிய பழைய வெப்பக்காப்பில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும்; பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகளும் பேரக்குழந்தைகளும் விளையாடும் வீட்டில் இவை இரண்டையும் முறையாக அகற்றிய பின்பே மற்ற வேலை. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர்த் தொட்டியிலும் சாம்பல் தட்டிலும் நீர் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. மாநகராட்சிச் சுகாதாரப் பணியாளர் வந்து கதவைத் தட்டும்போது பதில் சொல்ல நிற்பவர் பெரும்பாலும் மனைவிதான். சித்திரைக் கத்திரியில் வேலூர் வெயில் அடிக்கும்போது பல டன் கறுப்பு இரும்பு மாலை வரை சூட்டை வாங்கி, இரவெல்லாம் படுக்கையறைச் சன்னலுக்குத் திருப்பிக் கொடுக்கும். நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: கடற்காற்று இல்லாததால் சென்னையைவிட இங்கே துரு மெதுவாகவே ஏறும்.

நெருப்பு மூட்டி நீராவி எழுப்பும் எண்ணம் இருந்தால், கொதிகலன் சட்டம் குறுக்கே வரும். 25 லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுடைய, அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் கலன்களுக்குப் பதிவும் ஆய்வும் கட்டாயம். பாய்லர் தெரிந்தவர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. ராணிப்பேட்டை பெல் ஆலையில் பணியாற்றியவர்களும் அரக்கோணத்து ஃபிட்டர்களும் அக்கறையோடு உதவுவார்கள். ஆனால் தண்ணீர்? ஆறு இருந்தும் நீரில்லை, கோட்டை இருந்தும் அரசனில்லை என்று தன்னையே கேலி செய்துகொள்ளும் வேலூரில், லாரித் தண்ணீர் வாங்கி இன்ஜினுக்கு ஊற்றுவதை எந்த மனைவியிடமும் நியாயப்படுத்த முடியாது. அந்தப் பட்டியலில் ‘இன்ஜின் இருந்தும் ஓட்டமில்லை’ என்று ஒரு வரியை அவர் சேர்த்துக்கொள்வார்.

இத்தனைக்குப் பிறகும் இது பொருந்தும் குடும்பம் இருக்கிறது. இரண்டு ஏக்கருக்குக் குறையாத நிலம், அகலமான தார்ச்சாலை, கடன் வாங்காமல் செலவழிக்கும் வசதி, பண்ணை வீட்டையோ தங்கும் விடுதியையோ நடத்தும் திட்டம் ஆகியவை இருந்தால், இன்ஜின் விருந்தினரை ஈர்க்கும் சொத்தாகிறது. அப்போதும் சிறிய டேங்க் இன்ஜினே என் பரிந்துரை.

## பெட்டி அல்லது கார்டு வேன்

இன்ஜினுக்கு மறுத்த மனைவி பெட்டிக்கு இணங்குவதைப் பார்க்கிறேன். காரணம், பெட்டி ஓர் அறையாகிறது. விருந்தினர் தங்கலாம், புத்தகம் அடுக்கலாம், டியூஷன் நடத்தலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வடிவமைப்புப் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர் என்பதால் இதுவும் ஒரு கிரவுண்டில் அடங்காது, அகலம் 3.25 மீட்டரை ஒட்டி இருப்பதால் சாலை அனுமதித் தொல்லையும் அப்படியே இருக்கிறது. சரக்கு ரயிலின் கடைசியில் வரும் நான்கு சக்கரக் கார்டு வேன் பெட்டியின் பாதி நீளம்கூட இராது. வீட்டுக்கு அதுவே பொருந்தும்.

கழிப்பறைக்கு அடியிலும் கதவோரங்களிலும் தகடு அரித்துப்போயிருப்பது, உள்ளே சூடு தாங்காமல் கூரைக்குக் காப்பும் ஏ.சி.யும் வைக்க வேண்டியிருப்பது ஆகியவை இதன் மறைமுகச் செலவுகள். வேலூரில் ஏ.சி. இல்லாத இரும்புப் பெட்டியை அறை என்று சொல்வது நேர்மையன்று.

## உறுப்புகள் மட்டும்

எண் பலகை, முகப்பு விளக்கு, விசில், கைகாட்டியின் கை, ஓட்டுநர் அறையின் பின்தட்டு, ஒரு சோடி சக்கரம். சக்கரச் சோடியைத் தவிர மற்றவை வரவேற்பறையிலேயே அடங்கும். சக்கரச் சோடி ஒரு டன்னை ஒட்டிய எடை என்பதால் வாசலோரத்தில் தண்டவாளத் துண்டு போட்டு நிறுத்த வேண்டும். செலவு சில ஆயிரங்களில் தொடங்குகிறது, வேண்டாமென்றால் மறுநாளே விற்றுவிடலாம். ரசீது இல்லாத ரயில்வேப் பொருளை வாங்காதீர்கள். ரயில்வேச் சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது தனிச் சட்டத்தின் கீழ் குற்றம், அதைக் கேட்டு வருவது ரயில்வே பாதுகாப்புப் படை.

## நீராவியில் ஓடும் சிறிய இன்ஜின்

5 அங்குலம் அல்லது 7¼ அங்குலம் அகலமுள்ள பாதையில், உண்மையான நீராவியால் ஓடி, மேலே ஆளை உட்கார வைத்து இழுக்கும் இன்ஜின்கள் உலகெங்கும் பலரால் வீட்டிலேயே கட்டப்படுகின்றன. 5 அங்குலப் பாதைக்கு டபிள்யூ.பி.யைச் சுருக்கினால் நீளம் 1.8 மீட்டர், எடை கணக்குப்படி 70, 80 கிலோ. நான்கு பேர் தூக்கி வைத்துவிடலாம். அதன் பாய்லர் 25 லிட்டருக்குள் அடங்குவதால் கொதிகலன் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதற்காகச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது: செம்பில் செய்த புதுப் பாய்லரை, வேலை அழுத்தத்தைப் போல இருமடங்கு தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பது இத்துறையின் வழக்கம்.

முழு அளவு இன்ஜினில் ஆசைப்பட்டது உண்மையில் எதற்கு என்று கேட்டுப் பார்த்தால் இந்தத் தேர்வின் மதிப்பு விளங்கும். கரிப்புகையின் வாசனை, விசில் சத்தம், நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் திறக்கும்போது கையில் உணரும் துடிப்பு ஆகியவைதான் ஆசை என்றால், நின்றுபோன 100 டன் இரும்பு அவற்றில் ஒன்றையும் தராது. இந்த 80 கிலோ இன்ஜின் மூன்றையும் தரும்.

இடம்தான் இதிலும் சிக்கல். பெரிய இன்ஜினின் மாதிரி வட்டமாகத் திரும்ப ஏறத்தாழ 10 மீட்டர் ஆரம் வேண்டும், அதாவது 20 மீட்டர் விட்டம். 40 அடி அகல மனையில் வட்டம் போட முடியாது. நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டலாம், அல்லது குறுகிய வளைவில் திரும்பும் நான்கு சக்கர இன்ஜினைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்தது தண்ணீர். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. சில மாதங்களிலேயே பாய்லர்க் குழாய்களில் படிவம் கட்டிவிடும். 2003 முதல் வீடுதோறும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பில் சிறு தொட்டி ஒன்றை இடையில் வைத்தால் ஆண்டு முழுவதற்குமான நீர் கிடைத்துவிடும். கரிப்புகை பக்கத்து வீட்டு வெள்ளைத் துணியில் படியும் என்பதால், அடர்ந்த குடியிருப்பில் எரிவாயுச் சூட்டில் இயங்கும் வகையே நல்லது. லேத், மில்லிங் மெஷின், வெள்ளிப் பற்றவைப்பு என்று பட்டறைச் செலவு இன்ஜினின் செலவைத் தாண்டக்கூடும். ஷெட்டில் கழியும் ஞாயிற்றுக்கிழமைகளையும் மனைவி கணக்கில் வைப்பார்.

## மேசை மாதிரி

1:87 அளவில் டபிள்யூ.பி. ஏறத்தாழ 27.5 சென்டிமீட்டர் நீளம். ஓர் அறையின் சுவரோரம் போதும். தூசியும், மாடியறைச் சூட்டில் பாதை வளைவதும் இதன் பகை. ஒவ்வொன்றும் சிறு தொகை என்பதால் மொத்தம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்க வரியும் சேரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கும் மாற்றல் வேலையில் இருப்பவருக்கும் இதைவிட்டால் வேறில்லை.

## வீட்டுக்கு வெளியே

இன்ஜின் வேண்டும், அது வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றால், சில வழிகள் திறக்கின்றன. படித்த பள்ளியோ கல்லூரியோ ரயில்வேயிடம் கேட்டுப் பெற்று வளாகத்தில் நிறுத்துவதற்கு உழைக்கலாம். தனிநபருக்குக் கிடைக்காதது நிறுவனத்துக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். சென்னை ஐ.சி.எஃப். வளாகத்து ரயில் அருங்காட்சியகம் 2002 முதல் இயங்குகிறது. 1855இல் கட்டப்பட்ட இ.ஐ.ஆர். 21 (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) இன்ஜினுக்கு, பெரம்பூர் லோகோ பணிமனையில் 2010இல் மீண்டும் நீராவி ஏற்றப்பட்டது. காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் இரவுக்குள் திரும்பிவிடும் தூரத்தில் இவை இருக்கின்றன.

| | முழு அளவு இன்ஜின் | கார்டு வேன் | உறுப்புகள் | 5 அங்குல நீராவி | மேசை மாதிரி |
|---|---|---|---|---|---|
| ஒரு கிரவுண்டு மனையில் அடங்குமா | சிறு டேங்க் வகை மட்டும், அதுவும் நெருக்கடியாக | அடங்கும் | அடங்கும் | நேர்ப்பாதை அடங்கும் | அறைக்குள் அடங்கும் |
| பெரிய மறைமுகச் செலவு | போக்குவரத்து, கல்நார் | கூரைக்காப்பு, ஏ.சி. | ரசீது சிக்கல் | பட்டறை | மெல்ல ஏறும் மொத்தம் |
| சட்டம் | சாலை அனுமதி. நெருப்பு மூட்டினால் பாய்லர் பதிவு | சாலை அனுமதி | ரயில்வேச் சொத்துச் சட்டம் | 25 லிட்டருக்குள் பதிவு தேவையில்லை | இல்லை |
| வீட்டாருக்குப் பயன் | குறைவு | ஓர் அறை | அலங்காரம் | பேரக்குழந்தைகள் சவாரி | குறைவு |
| அப்புறப்படுத்துவது | வெட்டித்தான் எடுக்க வேண்டும் | கிரேன் | எளிது | எளிது | எளிது |

## கேட்கும் முறைகள்

வாங்கிவிட்டுச் சொல்வது முதல் வகை. ஏலத்தில் எடுத்த சரக்கைக் குறித்த நாட்களுக்குள் எடுத்துச்செல்லாவிட்டால் இடவாடகை ஏறும்; அந்த அவசரத்தைக் காட்டி மனைவியின் சம்மதத்தைப் பறிப்பது சிலருடைய உத்தி. நகைக்கடைச் சீட்டு போலப் பீரோவில் மறைக்கக்கூடிய பொருளாக இன்ஜின் இல்லை. தெருவே கூடி நின்று பார்க்கும் நாளில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கலாம். அதன் பிறகு வீட்டில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவிலும் அந்த இன்ஜின் வந்து நிற்கும். எந்தச் சூழலிலும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படிப்படியாகப் பழக்குவது இரண்டாவது. எண் பலகையில் தொடங்கி, விளக்கு, சக்கரம் என்று ஏறுவது. ஆசை உண்மையாகவே எந்தப் படியிலும் நிற்கக்கூடியது என்றால் இது நல்ல முறை. கடைசிப் படியை மனதில் வைத்துக்கொண்டு முதல் படியைக் கேட்டால், மூன்றாம் படியில் அவருக்குப் புரிந்துவிடும்.

பண்டமாற்று மூன்றாவது: உனக்குச் சமையலறை, எனக்கு இன்ஜின். செலவு சமமாக இருக்கும்போது மட்டுமே இது நியாயம். பழுதான சமையலறையைச் சீராக்குவது வீட்டுக்கடமை. அதை இன்ஜினுக்கு விலையாக வைப்பதை ஏற்கும் மனைவி அபூர்வம்.

கணக்குத் தாளோடு உட்காருவது நான்காவது. என் வாக்கு இதற்கே. அவருடைய கேள்விகளை முதலில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் விடைகளைப் பிறகு எழுதுங்கள். 12 லட்சத்துக்குத் தங்கம் வாங்கினால் அவசரத்துக்கு அடகு வைக்கலாமே என்று அவர் கேட்பார். இரும்புக்கும் எடைக்கு விலை உண்டு, அது பூஜ்யமாகாது என்பது உண்மையான விடைதான். ஆனால் வெட்டுக்கூலியும் லாரிக்கூலியும் கழித்த விலையையே எழுத வேண்டும். வரியும் போக்குவரத்தும் திரும்பி வராதவை என்று தனி வரியில் காட்டுங்கள். உங்கள் காலத்துக்குப் பின் வீட்டை விற்க நேர்ந்தால், வாங்குபவர் இன்ஜினை அகற்றித் தரும்படிதான் கேட்பார். அந்தச் செலவுக்கான தொகையை மனைவியின் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டு, அகற்றும் முடிவும் அவருடையதே என்று எழுதிக் கொடுப்பதற்கு உங்களால் முடியுமானால் முழு அளவு இன்ஜினைக் கேளுங்கள். அதற்கு மனம் வரவில்லையென்றால் 5 அங்குலப் பாதைக்கு மழைநீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று அவரிடமே யோசனை கேட்டுத் தொடங்கலாம்.